பெயரில்லாத பெட்ரோல் ஹோஸை வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்



மளிகைக்காரரும் மண்டிக்காரரும் படிக்கும் இதழில் காரின் பெட்ரோல் ஹோஸைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நம் உறுப்பினர்களின் கடை வாசலில் நிற்கும் வண்டிகளை ஒரு முறை பார்த்தால் அந்த நினைப்பு மாறிவிடும். காலையில் மண்டிக்கும், பகலில் சரக்கு எடுக்கவும், மாலையில் பாக்கி வசூலுக்கும் போய்வருவது பழைய மாருதி ஆம்னிதான். குடும்பத்தோடு கோயிலுக்குப் போவதும் அதே வண்டியில்தான். இன்னும் சிலர் மாருதி 800 வைத்திருக்கிறார்கள். தகப்பனார் வாங்கிய பெட்ரோல் அம்பாசிடரை விற்க மனமில்லாமல் ஓட்டுபவர்களும் உண்டு.

இவற்றில் எதுவும் இப்போது தயாராவதில்லை. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியிலும், அம்பாசிடர் தயாரிப்பு அதே ஆண்டு மே மாதத்திலும், ஆம்னி தயாரிப்பு 2019-லும் நின்றன. தயாரிப்பு நின்றாலும் வண்டி நிற்கவில்லை. 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். வருமானத்துக்குத் தக்கபடி வண்டி வைத்துக்கொள்வதில் தவறு ஏதும் இல்லை.

வண்டி பழையதாகவே இருக்க, அதில் ஊற்றும் பெட்ரோல் மட்டும் மாறிவிட்டது. 2003-ல் சில மாநிலங்களில் 5 சதவிகித எத்தனால் கலப்போடு தொடங்கிய திட்டம், 2022-ல் நாடு முழுவதும் 10 சதவிகிதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவிகிதக் கலப்பு அறிமுகமானது. 2025-க்குள் சாதாரண பெட்ரோல் என்றாலே 20 சதவிகிதக் கலப்பு என்றாகிவிட்டது. இதை நாம் குறை சொல்ல வரவில்லை. கரும்பு விவசாயிக்கும் மக்காச்சோள விவசாயிக்கும் இதனால் பணம் போய்ச் சேருகிறது. கச்சா எண்ணெய் இறக்குமதியும் குறைகிறது. ஆனால் எத்தனால் என்பது ஒரு வகைச் சாராயம். வெறும் பெட்ரோலைத் தாங்கும் ரப்பர் எல்லாம் சாராயம் கலந்த பெட்ரோலையும் தாங்கும் என்று சொல்ல முடியாது. சில ரப்பர்கள் அதில் ஊறி உப்பும். சிலவற்றில் ரப்பரை இளக்கமாக வைத்திருக்கும் சேர்மானப் பொருள் கரைந்து வெளியேறி, நாளடைவில் ரப்பர் விறைத்துக் கீறல் விடும். அந்தக் கீறல் வழியே பெட்ரோல் கசியும்.

2025 ஆகஸ்டில் மத்திய பெட்ரோலிய அமைச்சகமே இதைப் பற்றி விளக்கம் தந்தது. சில பழைய வண்டிகளில் 20 ஆயிரம், 30 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம். செலவு குறைவு, வழக்கமான சர்வீஸிலேயே மாற்றிவிடலாம் என்பது அதன் சாரம். நல்லது. மாற்றத் தயாராகத்தான் இருக்கிறோம். மாற்றுவதற்குத் தகுந்த ஹோஸ் எந்தக் கடையில் இருக்கிறது, அது அசல்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதை யாரும் சொல்லவில்லை. நம் கேள்வி அதுதான்.

பிரிட்டனில் 2021 செப்டம்பரில் 10 சதவிகிதக் கலப்பு வந்தபோது, பழைய கார்களுக்காக 5 சதவிகிதக் கலப்புள்ள உயர்ரகப் பெட்ரோலைத் தனியாக விற்க ஏற்பாடு செய்தார்கள். அப்படியிருந்தும் புதிதாக வாங்கிப் போட்ட ஹோஸ் சில மாதங்களிலேயே வெடித்துப்போகிறது என்று அங்கே பழைய கார் வைத்திருப்பவர்கள் புலம்பினார்கள். மேலே அச்சிட்ட எழுத்து சரியாக இருந்தும் உள்ளே இருந்த ரப்பர் சரியில்லை என்பதே அவர்கள் குறை. அங்கேயே அப்படி என்றால் இங்கே எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்?

நமக்குத் தெரிந்த மளிகை வணிகர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். ஆம்னியில் பெட்ரோல் வாடை வருகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். ஆம்னியில் என்ஜின் இருப்பது முன் சீட்டுகளுக்கு அடியில். சீட்டைத் தூக்கிப் பார்த்தால், எட்டே மாதங்களுக்கு முன் போட்ட ஹோஸ் கிளிப்புக்குப் பக்கத்தில் பாளம் பாளமாகக் கீறியிருந்தது. நல்ல காலம், தீப்பொறி எதுவும் படவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார். "பில் இருக்கிறதா அண்ணாச்சி?" என்று கடைக்காரர் கேட்டார். பில் இல்லை. கடைக்காரரிடமும் கொள்முதல் பில் இல்லை. பையில் சுருளாகக் கொண்டுவந்து ரொக்கத்துக்குப் போட்டுவிட்டுப் போன ஆளை அதன்பிறகு அவர் பார்க்கவே இல்லை. ஹோஸைத் தயாரித்தவர் யார் என்று வாங்கியவருக்கும் தெரியவில்லை, விற்றவருக்கும் தெரியவில்லை. கீறல் விட்ட ஹோஸ் மட்டும் அவர் மகன் தினமும் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன சீட்டுக்குக் கீழே இருந்திருக்கிறது.

ஹோஸின் வகைகளைப் பற்றி நாம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கார்பரேட்டர் வைத்த வண்டியில் பெட்ரோல் பம்ப் தரும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3 முதல் 5 பவுண்டுதான். இன்ஜெக்ஷன் வண்டியில் அது 40 பவுண்டு வாக்கில் இருக்கும். ஆகவே இரண்டுக்கும் ஒரே ஹோஸ் என்று யாராவது கொடுத்தால் வாங்கக் கூடாது. எஸ்.ஏ.இ. என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் ஜே30 என்ற தர வரிசையில் ஆர்6, ஆர்7 என்பவை குறைந்த அழுத்தத்துக்கு உரியவை. ஆர்9 என்பது இன்ஜெக்ஷனுக்கு உரியது. நல்ல ஆர்9 ஹோஸில் உள்சுவர் ஃப்ளோரோ ரப்பரால் ஆனது. எத்தனாலை நன்கு தாங்கும். கார்பரேட்டர் வண்டிக்கும் அதையே போடலாம். விலை கூடுதல்தான். ஆனால் ஒரு வண்டிக்கு ரப்பர் ஹோஸ் தேவைப்படுவது சில அடிதான். மற்ற இடங்களில் ஓடுவது உலோகக் குழாய்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இவை:

1. ஹோஸின் நீளம் முழுவதும் தயாரிப்பாளர் பெயர், தர எண், அளவு, தயாரித்த காலம் ஆகியவை திரும்பத் திரும்ப அச்சிடப்பட்டிருக்க வேண்டும். எழுத்தே இல்லாத ஹோஸ் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். எழுத்து இருந்தால் மட்டும் போதும் என்றும் இருந்துவிடக் கூடாது. எழுத்தை யாரும் அச்சடிக்கலாம்.

2. தயாரித்த காலத்தைப் பாருங்கள். ரப்பர் கடையில் தொங்கும்போதே முதுமை அடையும். பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்த்து அடுக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

3. உள்விட்டம் சரியாக இருக்க வேண்டும். பழைய அம்பாசிடர் அங்குலக் கணக்கு, மாருதி மில்லிமீட்டர் கணக்கு. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். பெரிய ஹோஸைப் போட்டுக் கிளிப்பால் இறுக்கிச் சரிக்கட்டுவது கசிவுக்கு வழி. கிளிப்பும் விளிம்பு மழுங்கியதாக இருக்கட்டும். கூரான கிளிப் ரப்பரை அறுத்துவிடும்.

4. உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் டியூபைப் பெட்ரோலுக்குப் போட வேண்டாம். சூட்டில் விறைத்துக் கழன்றுவிடும். தண்ணீர் ஹோஸும் காற்று ஹோஸும் பெட்ரோலுக்கு உதவாது.

5. சந்தேகம் இருந்தால் இரண்டு அங்குலத் துண்டைச் சிறிய கண்ணாடிப் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, மூடி, வீட்டுக்கும் அடுப்புக்கும் எட்டாத இடத்தில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். துண்டு உப்பினாலும், பிசுபிசுத்தாலும், பெட்ரோல் கறுத்தாலும் அந்த ஹோஸை வண்டியில் ஏற்ற வேண்டாம்.

6. ஒரு ஹோஸ் கீறியிருந்தால் மற்றதும் அதே வயதுதான். டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை எல்லாத் துண்டுகளையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். மாற்றிய தேதியைக் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள்.

மாருதி வண்டிக்கு அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பாக எண் சொல்லிக் கேட்பது முதல் வழி. அங்கே கிடைக்காத பழைய மாடலுக்கும், அம்பாசிடருக்கும், பெயர் பெற்ற தயாரிப்பாளரின் ஹோஸைப் பில்லோடு விற்கும் கடையைத் தேட வேண்டும். புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் எத்தனையோ கிடைக்கும். கதவும் விளக்கும் அங்கே வாங்கலாம். ஹோஸை மட்டும் பழைய வண்டியிலிருந்து கழற்றியதாக வாங்கக் கூடாது.

இனி விற்பவர் பக்கத்துக்கு வருவோம். ஸ்பேர் பார்ட்ஸ் வணிகர்களும் நம் சங்கத்தில் உறுப்பினர்கள்தான். அவர்களைத் திருடர்களாகக் காட்டுவது நம் நோக்கமல்ல. "நல்ல ஹோஸை வைத்தால் விலை கேட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள், மெக்கானிக்கும் மலிவானதைத்தான் கேட்கிறார்" என்று அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. நாய் விற்ற காசு குரைக்காது என்று சொல்வார்கள். ஆனால் இன்றைய சட்டத்தில் அது குரைக்கும், கடிக்கவும் செய்யும்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளால் ஏற்படும் தீங்குக்கு விற்பனையாளர் எப்போதெல்லாம் பொறுப்பு என்று அதன் 86-ஆம் பிரிவு சொல்கிறது. தயாரித்தவர் யார் என்று தெரியாத சரக்கை விற்றால் விற்றவரே பொறுப்பு என்பது அதில் ஒன்று. அதாவது பெயரில்லாத ஹோஸை விற்கும் கடைக்காரர், தெரியாத ஒருவனுடைய குற்றத்துக்குத் தானே ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார்.

போலி முத்திரைச் சரக்குக்கு 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் இருக்கிறது. 104-ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தக்க எச்சரிக்கையோடு வாங்கியதையும், யாரிடம் வாங்கினார் என்பதையும் காட்ட முடிந்த வணிகருக்கு அதே பிரிவில் பாதுகாப்பும் இருக்கிறது. அதைக் காட்டுவது எது? கொள்முதல் பில்தான். பில்லை வரிக் கணக்குக்கான காகிதம் என்று மட்டும் நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மளிகை வணிகர்களாகிய நாமும் நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடுகில் கலப்படம், எண்ணெயில் கலப்படம் என்று பேச்சு வந்தால், "எங்கள் கடையில் அது நடக்காது, கம்பெனி பெயரைப் பாருங்கள்" என்று நெஞ்சை நிமிர்த்துகிறோம். நம் வாடிக்கையாளர் பெயரில்லாத எண்ணெய் வாங்கினால் வருத்தப்படுகிறோம். நம் வண்டிக்கு ஹோஸ் வாங்கும்போது மட்டும் "எது மலிவோ அதைப் போடு" என்று மெக்கானிக்கிடம் சொல்லி அனுப்புவது எந்த ஊர் நியாயம்? மலிவைக் கேட்பவர் இருக்கும்வரை போலியைக் கொண்டுவருபவர் இருப்பார். சந்தை என்பது அப்படித்தான் என்பது வணிகர்களுக்குத் தெரியாதா?

பழைய வண்டியை உடைத்துவிட்டுப் புதியது வாங்குவதுதானே என்று சிலர் கேட்கலாம். புதிய வண்டிக்குத் தவணை கட்டும் அளவுக்கு எல்லாக் கடைகளிலும் லாபம் வருவதில்லை. சில அடி ஹோஸ் சரியாகக் கிடைத்தால் பத்திரமாக ஓடக்கூடிய வண்டியை, அது கிடைக்கவில்லை என்பதற்காக உடைக்கச் சொல்வது பொருந்தாது.

செய்யக்கூடியது என்ன? சமையல் எரிவாயு ஹோஸில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து, 5 ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற நம் வீட்டுப் பெண்கள் பழகிவிட்டார்கள். அதே வழக்கம் வண்டி ஹோஸுக்கும் வர வேண்டும். பாகங்களை மாற்றச் சொல்லும் அமைச்சகம், எந்தத் தர எண் உள்ள ஹோஸைப் போட வேண்டும் என்பதையும் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் வைக்க வேண்டும் என்று நம் சங்கம் தீர்மானம் போட்டு அனுப்பலாம்.

நம் கையில் இருப்பதை நாமே உடனே தொடங்கலாம். ஒவ்வொரு ஊர்க் கிளையிலும் பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களின் தேவையை அளவு வாரியாகச் சேர்த்து, நம் உறுப்பினரான ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை மூலம் சுருளாக ஒரே கொள்முதலாக வரவழைக்கலாம். மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்பதை மொத்த வியாபாரம் செய்யும் நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கடைக்காரருக்கும் சரக்கு தேங்காது. பில்லில் தயாரிப்பாளர் பெயரும் தர எண்ணும் எழுதித் தர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

அதுவரை ஒவ்வொருவரும் இந்த வாரமே வண்டியின் சீட்டையோ பானெட்டையோ திறந்து ஹோஸை விரலால் வளைத்துப் பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை எடுக்காதீர்கள். ஹோஸ் விற்கும் நண்பர்கள் கடையில் தொங்கும் சுருளில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லை என்றால் இறக்கி வையுங்கள். அந்தச் சுருள் விற்காமல் போவதால் வரும் நஷ்டம் சில நூறோ ஆயிரமோதான். அதை நாம் தாங்கிக்கொள்ளலாம்.