மருத்துவர் எழுதித் தரும் மரநிழல்

"காலையில் ஒன்று, இரவில் ஒன்று, உணவுக்குப் பின்" என்று மருத்துவர் சீட்டு எழுதக் கண்டிருக்கிறோம். "கடற்கரையில் நடந்து வா, பறவைகளைப் பார்" என்று எழுதும் மருத்துவரும் உண்டென்றால் எங்களுள் பலர் நகைப்பர். ஆனால் ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவுகளில் 2018ஆம் ஆண்டில் பத்து மருத்துவ நிலையங்களிலும் அவ்வாறு எழுதித் தரத் தொடங்கினர். மருந்துக்குப் பதிலாக அன்று, மருந்தோடு சேர்த்து. பறவைப் பாதுகாப்புச் சங்கத்தார் எந்த மாதத்தில் எதைக் காணலாம் என்று நாட்காட்டியே அச்சிட்டுக் கொடுத்தனர். கனடாவிலும் 2020இல் இம்முறை வந்தது.

தீவில் கடல் அருகிலிருக்கிறது, நமக்கென்ன என்று கேட்கலாம். அப்படியானால் சீனாவின் குவாங்சௌ நகரைப் பாருங்கள். அங்கே ஆறு பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே அனுப்பினர். வேறு ஆறு பள்ளிகள் வழக்கம்போல் நடந்தன. மூன்றாண்டுகள் கழித்துச் சோதித்தபோது, வழக்கமான பள்ளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே சென்றவர்களில் 30 பேருக்கே வந்தது. இம்முடிவு 2015இல் வெளியாயிற்று. பகல் வெளிச்சமே காரணம் என்பது அறிஞர் பலரின் கருத்து. கரும்பலகை தெரியாமல் முன்வரிசைக்கு இடம் மாறி வந்த எங்களுக்கு இச்செய்தி சற்றுத் தாமதம்தான். ஒன்றாம் வகுப்புத் தங்கையருக்குத் தாமதமில்லை.

இம்மருந்துக்குக் காசில்லை, அனுமதிதான் வேண்டும். தம்பி தெருவிளக்கு எரியும்வரை விளையாடுகிறான். நாங்களோ ஏழாம் எட்டாம் வகுப்பு வந்ததும் வீட்டுக்குள் அழைக்கப்படுகிறோம். மொட்டைமாடிக்குச் செல்வதும் காய்ந்த துணி எடுக்க மட்டுமே! பெற்றோரின் அச்சத்தை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். தெருவும் பூங்காவும் பெண்பிள்ளைக்கு எப்போதும் பாதுகாப்பானவை என்று வாதாட மாட்டோம்.

ஆனால் பள்ளி மைதானத்துக்கு மதில் இருக்கிறதே! அங்கே என்ன நடக்கிறது? தேர்வு நெருங்கியதும் உடற்பயிற்சிப் பாடவேளை கணக்குப் பாடவேளையாகிவிடுகிறது. ஆசிரியைகள்மேல் குறை சொல்லவில்லை; மதிப்பெண் குறைந்தால் கேள்விக்கு நிற்பவர்கள் அவர்களே. அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெற்றோர்; ஆகவே அவர்களும் இதைப் படிக்க வேண்டுகிறோம். மூக்குக்கண்ணாடிக்கும் தலைவலி மாத்திரைக்கும் தயங்காமல் செலவிடும் அன்பு, வாரத்தில் இரண்டு பாடவேளைகளை விட்டுக்கொடுக்கத் தயங்குவது எங்களுக்கு விளங்கவில்லை.

தலைமைச் சகோதரியிடம் நாங்கள் கேட்பது பெரிதன்று. உடற்பயிற்சிப் பாடவேளையை எந்தப் பாடத்துக்கும் கடன் கொடுக்க வேண்டாம். சிறு வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் ஒரு பாடவேளை வெளியே விடுங்கள். மாலை மணி அடித்தபின் பெரியவர்களுக்கு அந்த வேப்பமரத்தடியில் அரைமணி நேரம், புத்தகப்பை இல்லாமல், ஒரு சகோதரி உடனிருக்க. வரும் ஜூன் மாதமே தொடங்கலாம்.