லேசரும் நம் பிள்ளைகளும்

கிராண்ட் ரோடு ரெயில் நிலையத்தை அடுத்த லாமிங்டன் சாலைக் கடைகளில் ரேடியோ உதிரிப் பாகங்களைத் தேடி அலைந்தது ஒரு தலைமுறை. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு இப்போது வேறொரு ஆசை. கையில் பிடிக்கும் டார்ச் விளக்கின் அளவில், தீக்குச்சியைப் பற்ற வைக்கக்கூடிய லேசரைத் தாங்களே செய்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். பாலிடெக்னிக்கில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பிள்ளைகளிடமும் இந்த ஆர்வம் இருக்கிறது.

ஆர்வத்தை நாம் குறை கூற மாட்டோம். 1960-ஆம் ஆண்டு மே 16 அன்று அமெரிக்காவில் தியோடர் மைமன் ரூபிக் கல்லைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தபோது, அது ஆய்வுக்கூடத்து அதிசயம். பின்னர் டி.வி.டி. பதிவுக் கருவிகளிலும் புரொஜெக்டர்களிலும் லேசர் டையோடுகள் வந்தன. பழைய கருவியைப் பிரித்தாலே அவை கிடைக்கின்றன. 2010-ஐ ஒட்டி, புரொஜெக்டரிலிருந்து எடுத்த நீல டையோடுகளைக் கொண்டு ஒரு வாட் லேசரை வீட்டிலேயே கட்டத் தொடங்கினார்கள்.

ஒரு வாட் என்ன பிரமாதம், பூஜை அறையில் ஐந்து வாட் பல்பு எரியவில்லையா என்று பெற்றோர் கேட்கலாம். பல்பின் ஒளி நாலா பக்கமும் சிதறிப் போகிறது. லேசரின் ஒளியோ நூல் பிடித்தாற்போல் ஒரே திசையில் செல்லும். அது கண்ணில் புகுந்தால், கண்ணின் லென்ஸ் அதை விழித்திரையில் ஊசிமுனையினும் சிறிய புள்ளியாகக் குவித்துவிடும். ஆசிரியர் கையில் உள்ள சுட்டு விளக்கு பொதுவாக 1 முதல் 5 மில்லிவாட் வரைதான். ஒரு மில்லிவாட்டுக்கு உட்பட்ட ஒளி கண்ணில் பட்டால், கால் வினாடிக்குள் தானாக மூடிக்கொள்ளும் இமையே காப்பாற்றிவிடும். ஒரு வாட் என்பது அதைப்போல் ஆயிரம் மடங்கு. 500 மில்லிவாட்டுக்கு மேற்பட்டவற்றை உலக வழக்கில் நான்காம் வகுப்பு என்கிறார்கள். அபாயத்தில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. இமை மூடுமுன் காரியம் முடிந்துவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால், சுட்டதுகூடப் பிள்ளைக்குப் புலப்படாமல் போகலாம். வெந்த இடம் மீண்டும் தளிர்ப்பதில்லை. மூக்குக் கண்ணாடி போட்டும் அதைச் சரிசெய்ய முடியாது.

ஆகவே, டையோடு வாங்கும் முன்பே பாதுகாப்புக் கண்ணாடி வாங்க வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிவப்பு லேசருக்கான கண்ணாடி நீல லேசரைத் தடுக்காது. எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு தடுப்பு என்பது கண்ணாடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். தடுப்பு எண் 4 என்றால், பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒளியே உள்ளே வரும். வெயில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இந்த வேலையில் இறங்குவது தற்கொலைக்கு ஒப்பாகும். கண்ணாடி செய்பவனுக்கு மட்டும் இருந்தால் போதாது. அறையில் உள்ள அத்தனை பேருக்கும் வேண்டும்.

இங்கேதான் நமக்குப் பெருங்கவலை. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் நம்மவர்களில் எத்தனை பேருக்குத் தனி அறை உண்டு? பத்துக்குப் பத்து அறையில் பாட்டி படுத்திருப்பார், தங்கை பாடம் எழுதுவாள், அலமாரியில் எவர்சில்வர் பாத்திரங்கள் அடுக்கியிருக்கும், சுவரில் கண்ணாடி போட்ட சாமி படம். கதிர் இவற்றில் எதில் பட்டுத் தெறித்தாலும் யாரோ ஒருவருடைய கண்ணில் போய் நிற்கும். நான்காம் வகுப்பு லேசர் வெறும் சுவரில் விழுந்த புள்ளியை அருகிலிருந்து உற்றுப் பார்ப்பதுகூடத் தீங்கு. அத்தகைய வீட்டில் இந்த லேசரைச் செய்யவே கூடாது என்பது நமது திடமான கருத்து.

அப்படியானால் கற்றுக்கொள்வது எப்படி? 5 மில்லிவாட்டுக்குக் குறைந்த சிவப்பு டையோடு சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. டையோடை நேரே பாட்டரியில் இணைத்தால் அது நொடியில் கருகும். மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்தும் சுற்று வேண்டும். முதலில் லேசருக்குப் பதில் சாதாரண டையோடுகளையும் ஒரு ரெசிஸ்டரையும் வைத்து மின்னோட்டத்தை அளக்க வேண்டும். பிறகு மின்தேக்கியில் தங்கிய மின்சாரத்தை வடித்துவிட்டு லேசரை இணைக்க வேண்டும். பெரிய லேசருக்கும் பாடம் இதுவேதான். அங்கே வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் உலோகத் துண்டு கூடுதல். எரிந்துபோகும் முதல் டையோடு மலிவானதாக இருக்கட்டுமே! சிறிய கதிரையும் நேராகக் கண்ணில் வாங்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மலிவான பச்சை லேசரிடம் மட்டும் தனி எச்சரிக்கை தேவை. அதனுள்ளே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரே பச்சையாக மாற்றப்படுகிறது. அதைத் தடுக்கும் வடிகட்டி இல்லாத ஒரு மலிவு விளக்கில், பச்சையைவிட அகச்சிவப்பே அதிகம் வெளிவந்ததை அமெரிக்கத் தர அளவை நிறுவனம் 2010-இல் கண்டு வெளியிட்டது.

செய்து முடித்த பின் மொட்டை மாடிக்குப் போய் வானத்தில் அடித்துப் பார்க்கும் ஆசை வரும். குர்லா, காட்கோபர் வீடுகளுக்கு மேலே விமானங்கள் தாழ்ந்து இறங்குகின்றன. விமானி அறையின் கண்ணாடியில் பட்ட ஒளி பரவி, ஓடுபாதையையே மறைத்துவிடும். விளையாட்டுக்குச் செய்தேன் என்று காவல் நிலையத்தில் சொன்னால் எடுபடாது. நாசிக்கில் 2023-ஆம் ஆண்டு விநாயகர் ஊர்வலத்துக்குப் பின் சில இளைஞர்கள் பார்வை மங்கி மருத்துவர்களிடம் ஓடியதை மராட்டியம் மறந்திருக்காது. அவை வாடகைக்கு வந்த பெரிய கருவிகள். கையடக்க லேசரும் அதே கதிரைத்தான் வீசுகிறது.

பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் சனிக்கிழமைகளில் ஓர் ஆய்வுக்கூடத்தைத் திறந்துவைத்து, ஆசிரியர் மேற்பார்வையில் இந்தப் பிள்ளைகளைச் செய்ய விட வேண்டும். கண்ணாடி இல்லாமல் பெரிய டையோடு கேட்கும் பையனுக்குக் கடைக்காரர்கள் விற்க மறுக்க வேண்டும். அதையும் மீறிக் கண்ணில் பட்டுவிட்டால், அப்பாவுக்குப் பயந்து மறைக்காமல், சொட்டு மருந்து விட்டுக் காத்திராமல், அன்றே விழித்திரை மருத்துவரிடம் போய், என்ன நிறம், எத்தனை வாட், எவ்வளவு தூரத்தில் பட்டது என்பதைச் சொல்ல வேண்டும்.