கேட்டைப் பூட்டினால் பாதுகாப்பா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலைக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கு விடுதிதான் பாதுகாப்பு என்று பெற்றோர் நம்புகிறார்கள். கம்பெனிகளும் அரசும் அதையே வழிமொழிகின்றன. 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் கம்பெனித் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று மற்றப் பெண்களுக்குச் சொல்ல ஆளில்லை. செத்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்த பிறகுதான் அவர்கள் குரல் வெளியே கேட்டது. ஒரே வயதுக்காரர்களை ஊரிலிருந்து பிரித்து ஒரே கட்டடத்தில் அடைத்தால், அவர்களுக்காகப் பேச அக்கம்பக்கம் என்று ஒன்று இருக்காது. "ஏம்மா, முகம் வாடியிருக்கு?" என்று கேட்கும் பாட்டி எந்த வார்டனைவிடவும் பெரிய காவல்.

அதன்பின் நிலைமை மேம்பட்டது உண்மை. வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் அரசின் சிப்காட் நிறுவனம் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது: 13 கட்டடங்கள், அறைக்கு ஆறு பேர், மொத்தம் 18,720 படுக்கைகள். நெரிசலான வாடகை அறைகளோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் கணக்கு படுக்கையில்தான் இருக்கிறது. ஆறு பேர் அறையில் தொட்டில் எங்கே கட்டுவது? ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இலேயே மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டது. தாயும் வேலைக்கு வருவாள் என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது, குடியிருப்பு ஒப்புக்கொள்ளவில்லை.

குடும்பத்தோடு தங்கும் வீடுகளும் வேண்டும் என்றால், இரண்டு மூன்று வருஷத்தில் கல்யாணமாகிப் போகிறவர்களுக்கு எதற்குக் குடும்ப வீடு என்பார்கள். குழந்தையோடு தங்க இடமில்லாத ஊரில் யார்தான் நிலைத்து வேலை செய்வார்கள்? நிலமும் செலவும் அடுத்த ஆட்சேபம். சிங்கப்பூரை விடவா நமக்கு நிலத்தட்டுப்பாடு? அங்கே 2018-இல் திறக்கப்பட்ட கம்போங் அட்மிரல்டியில் முதியோருக்கான 104 வீடுகள், மருத்துவ மையம், உணவகங்கள், குழந்தைகள் காப்பகம் எல்லாம் ஒரே வளாகத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. எல்லோருக்கும் கூட்டு வாழ்க்கை பிடிக்காது என்பதும் நியாயமே. தனியாக இருக்க விரும்பும் பெண்ணுக்கு அவள் அறையும் சாவியும் இருக்கட்டும். சிப்காட் அடுத்த குடியிருப்புக்கு டெண்டர் விடும்போது ஒரு பங்கை இரண்டு அறை வீடுகளாக ஒதுக்க வேண்டும். ஊரிலிருந்து அம்மாவையோ மாமியாரையோ அழைத்துவந்து தங்க அனுமதி வேண்டும். காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் கிளம்பும் முன்பே திறக்கும் காப்பகம் தரைத்தளத்தில் வேண்டும். வல்லம், மாத்தூர் கிராமத்துப் பெண்களுக்கு அங்கே சம்பளத்தோடு வேலையும் வேண்டும்.