செம்பரம்பாக்கம் ஏரி

சென்னை மாநகருக்குக் குடிநீர் நல்கும் ஏரிகளுள் செம்பரம்பாக்கமும் ஒன்று. முன்னோர் மண்ணால் எழுப்பிய நெடுங்கரையே இதன் அணை. இவ்வேரி 24 அடி ஆழமும் 364.5 கோடி கன அடிக் கொள்ளளவும் உடையது.

2015ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், இதனின்று திறந்துவிடப்பட்ட நீரும் மழைநீரும் கூடி அடையாறு கரைபுரண்டது. பலர் ஏரியைப் பழித்தனர். 2019ஆம் ஆண்டுக் கோடையில் இதே ஏரி வறண்டது. பலர் வானத்தைப் பழித்தனர். நீர் வரும் வழியையும் செல்லும் வழியையும் மனையாக்கியோர்க்கு இப்பழியிற் பங்கில்லையோ?

கரை எத்துணை உறுதியுடையதாயினும், வரத்துக்கால் தூர்ந்தால் ஏரி நிரம்பாது. வடிகால் குறுகினால் ஊர் தப்பாது. ஏரிக்கரையைக் காத்தல் அரசின் கடன். கால்வாய்களை அடைக்காது காத்தல் குடிமக்கள் ஒவ்வொருவர்க்கும் உரிய கடனாகும்.