பேக்கப் இருக்கிறது, பாலைவனம் எங்கே?

கத்தார் ஏர்வேஸ் விமானத்தின் வாலில் நீண்ட கொம்புகளோடு ஒரு மான் தலை இருக்கும். வளைகுடாவுக்குப் போய்வந்த ஆட்கள் இருக்கும் வீடுகளில் எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள். அது அரேபிய ஓரிக்ஸ். அரபியில் அல்-மஹா. ஓமனில் ஒரு பெட்ரோல் பங்க் நிறுவனத்துக்கும் இதே பெயர்தான். அந்த மானின் கதையை முடித்ததில் பெட்ரோலுக்கு இருக்கும் பங்கை நினைத்தால் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இந்த மானைப் பற்றிய ரீல் ஒன்று அவ்வப்போது என் திரையில் வந்துபோகும். பின்னணியில் உருக்கமான பியானோ. 1972இல் காட்டில் அற்றுப்போனது, 1982இல் மனிதர்கள் திருப்பி விட்டார்கள், இன்று ஆயிரத்துக்கு மேல் சுதந்திரமாக வாழ்கிறது. "உலகத்தில் நல்லதும் நடக்குது" என்று கீழே நூறு இதயங்கள். இந்தக் கதை பொய் இல்லை. நல்ல இடம் பார்த்துப் பாதியில் நிறுத்தப்பட்ட கதை. அப்படி நிறுத்துவதால் யாருக்கு லாபம் என்று கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த விலங்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். சுமார் எழுபது கிலோ எடை, வெள்ளை உடம்பு, கருத்த கால்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இரண்டடி நீளத்துக்குக் கொம்பு உண்டு. வாரக்கணக்கில் தண்ணீர் குடிக்காமல் இருக்கும். செடிகளில் இருக்கும் ஈரமும் அதிகாலைப் பனியும் அதற்குப் போதும். எங்கோ தொலைவில் மழை பெய்தால் அந்தத் திசையை நோக்கி நடக்கத் தொடங்கிவிடும். நடப்பதுதான் அதன் பிழைப்பு. ஒரே இடத்தில் நின்றால் பாலைவனத்தில் எதுவும் மிஞ்சாது.

ஒட்டகத்தில் போய் வேட்டையாடிய காலத்தில் இந்த மானைப் பிடிப்பது லேசான காரியம் இல்லை. எண்ணெய்ப் பணம் வந்தது. ஜீப்பும் லாரியும் தானியங்கித் துப்பாக்கியும் வந்தன. பாலைவனத்தின் அகலம்தான் அதுவரை அந்த மானுக்குப் பாதுகாப்பு. வண்டி வந்ததும் அந்த அகலமே அதற்கு எமனானது. ஒளிய மரமில்லாத சமவெளியில் வெள்ளை உடம்போடு ஓடும் விலங்கை விரட்டிப் போட்டுத் தள்ள எவ்வளவு நேரமாகும்? 1972 அக்டோபரில், ஓமனின் ஜித்தத் அல்-ஹராசிஸ் என்னும் கல் சமவெளியில் எஞ்சியிருந்த கடைசி மந்தையை வெளியிலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் முடித்துவைத்தார்கள்.

அதற்குள் பேக்கப் எடுத்தாகிவிட்டது. 1962இல் லண்டனைச் சேர்ந்த விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று 'ஆபரேஷன் ஓரிக்ஸ்' என்று பெயர் வைத்து, மேஜர் இயன் கிரிம்வுட் தலைமையில், இன்றைய ஏமனின் கிழக்குப் பகுதிக்கு ஆட்களை அனுப்பியது. நான்கு மான்கள் கிடைத்தன. ஒன்று செத்துப்போனது. மிச்சம் மூன்று. லண்டன் மிருகக்காட்சி சாலை ஒன்று கொடுத்தது, குவைத்திலிருந்து ஒன்று வந்தது, சவுதி மன்னரின் சொந்தச் சேகரிப்பிலிருந்து நான்கு. ஆக மொத்தம் ஒன்பது. அமெரிக்காவின் அரிசோனாவில், பாலைவன வெயில் அடிக்கும் ஃபீனிக்ஸ் நகரத்து மிருகக்காட்சி சாலையில் அவற்றைப் பெருக்கினார்கள். 'உலக மந்தை' என்று அதற்குப் பெயர். செய்தவர்கள் அசாத்தியமான வேலை செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

1982 ஜனவரியில், சுல்தான் காபூஸின் ஆதரவோடு, பத்து மான்கள் அதே ஜித்தத் சமவெளியில் யாலூனி என்னும் இடத்தில் திறந்துவிடப்பட்டன. வேலி கிடையாது. அந்த மண்ணில் ஒட்டகமும் ஆடும் மேய்த்து வாழ்ந்த ஹராசிஸ் பழங்குடி ஆட்களையே காவலர்களாக வேலைக்கு எடுத்தார்கள். 1994இல் அந்த நிலம் உலகப் பாரம்பரியத் தளமானது. 1996இல் சுமார் 450 மான்கள்.

ரீல் இங்கே முடிந்துவிடும். நம் கதை இங்கேதான் தொடங்குகிறது.

அதே 1996இல் கள்ளவேட்டை ஆரம்பித்தது. இந்தத் தடவை சுடுவதற்கு அல்ல, உயிரோடு பிடிப்பதற்கு. ஓமனுக்கு வெளியே, தனியார் சேகரிப்புகளுக்கு விற்பதற்கு. குறிப்பாகப் பெண் மான்களாகப் பார்த்துப் பிடித்தார்கள், ஏனென்றால் பெருக்கத் தேவை அவைதான். 1998 செப்டம்பரில் காட்டில் 138தான் மிச்சம். வேறு வழியில்லாமல் சிலவற்றை மறுபடி பிடித்து அடைப்புக்குள் கொண்டுவந்தார்கள். 2007இல் யுனெஸ்கோ சொன்ன கணக்கு 65. அதில் குட்டி போடக்கூடிய ஜோடி நான்கு வாக்கில். அதே சமயம், அந்தச் சரணாலயத்தின் பரப்பை 90 சதவீதம் குறைப்பதாக ஓமன் அரசு முடிவெடுத்திருந்தது. எண்ணெய், எரிவாயு தேடும் திட்டமும் மேஜையில் இருந்தது. உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து ஓர் இடம் நீக்கப்பட்டது வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு டேட்டாபேஸ் அடிக்கடி அழிந்துபோகும். ஒவ்வொரு முறையும் விடிய விடிய உட்கார்ந்து பேக்கப்பிலிருந்து மீட்டுக் கொடுத்தவருக்குப் பாராட்டு மின்னஞ்சல் வரும், எல்லோரும் கைதட்டுவோம். எந்த ஸ்கிரிப்ட் அதை அழிக்கிறது என்று கேட்டவருக்கு மட்டும் பதிலே வராது. அந்த ஸ்கிரிப்ட் மேலே இருந்த யாருக்கோ வேண்டியிருந்தது. மீட்பைக் கொண்டாடுவது செலவில்லாத வேலை. காரணத்தை நிறுத்துவதற்கு யாராவது ஒருவர் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஓரிக்ஸ் விஷயத்தில் அந்தக் காரணம் என்ன? 'வேட்டை' என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவது வசதி. வேட்டை என்றால் ஏதோ ஏழை ஒருவன் துப்பாக்கியோடு நிற்பதுபோல ஒரு படம் மனதில் வரும். 1960களில் சுட வந்தவர்கள் பணமும் வண்டிகளும் உள்ளவர்கள். 1996க்குப் பிறகு மணலில் மான்களைப் பிடித்தவர்கள் யாராக இருந்தாலும், வாங்கியவர்கள் எல்லைக்கு அப்பால் குளிரூட்டிய வீடுகளில் இருந்தார்கள். மானைச் சொத்தாக வைத்திருக்கும் ஆசையும், அதற்குக் கொடுக்கப் பணமும், கேட்பாரில்லாத நிலமும் சேர்ந்ததுதான் காரணம். இதில் எதையும் ஃபீனிக்ஸ் மிருகக்காட்சி சாலையால் சரிசெய்ய முடியாது.

இன்னொரு கசப்பையும் விழுங்கித்தான் ஆக வேண்டும். காப்பாற்றிய ஒன்பதில் நான்கு மன்னரின் பட்டியிலிருந்து வந்தவை. அந்த இனத்தைக் காத்ததும் தனியார் சேகரிப்பு, முப்பது வருடம் கழித்துக் காட்டைக் காலி செய்ததும் தனியார் சேகரிப்பு. அடைப்புகளில் ஆயிரக்கணக்கில் ஓரிக்ஸ் இருப்பதாகப் பெருமையாகச் சொல்கிறார்கள். இருக்கட்டும். காட்டிலிருந்து திருடிய மானும் அடைப்புக்குள் போனபின் அடைப்பு மான்தானே?

"சரி, அப்போ அந்த ஒன்பதையும் சாக விட்டிருக்கணுமா?" என்று கேட்பீர்கள். இல்லை. பேக்கப் எடுத்தது சரி. 2011இல் ஐயுசிஎன் செம்பட்டியலில் இந்த இனம் 'காட்டில் அற்றுப்போனது' என்ற நிலையிலிருந்து மூன்று படி மேலேறியதாகப் பதிவானது. அப்படி ஏறிய முதல் இனம் இதுதான். சவுதியிலும் அமீரகத்திலும் இஸ்ரேலிலும் விடப்பட்ட மந்தைகள் அதற்குக் காரணம். நான் மறுப்பது எண்ணிக்கையை அல்ல, எண்ணிக்கை மட்டும் போதும் என்ற முடிவை.

சவுதியின் மஹாசத் அஸ்-சய்த் காப்பகத்தைப் பாருங்கள். சுமார் 2,200 சதுர கிலோமீட்டர், சுற்றிலும் வேலி. 1990இல் ஓரிக்ஸ்களை விட்டார்கள், நன்றாகப் பெருகின. 1999 முதல் வறட்சி வந்தபோது நூற்றுக்கணக்கில் செத்தன. மழை எங்கே பெய்ததென்று தெரிந்து நடக்கத் தெரிந்த விலங்கு வேலிக்குள் பட்டினி கிடந்து செத்தது. வேலியை எடுத்துவிடலாமா? எடுத்தால் துப்பாக்கி வரும். நம்மால் பாலைவனத்துக்கு மானைத் திருப்பிக் கொடுக்க முடிகிறது, மானுக்குப் பாலைவனத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. மஹாசத்தைத் தோல்வி என்று நான் சொல்லவில்லை. அதை 'காடு' என்று கணக்கெழுதாதீர்கள் என்கிறேன்.

ஹராசிஸ் மக்களுக்கு வருவோம். தனி மொழி பேசும் சின்னச் சமூகம். அவர்களோடு நீண்டகாலம் பணியாற்றிய மானுடவியலாளர் டான் சாட்டி திரும்பத் திரும்ப எழுதிய விஷயம் ஒன்று உண்டு: அவர்களுக்கு வேலை கொடுத்தார்கள், முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வைக்கவில்லை. சரணாலயத்தின் எல்லை எது, யார் எங்கே மேய்க்கலாம் என்பதெல்லாம் வேறெங்கோ தீர்மானமானது. 1972இல் வண்டிகள் வந்தபோது அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 1994இல் பட்டியலில் சேர்த்தபோதும் 2007இல் நீக்கியபோதும் அவர்கள் சொல்லுக்கு எடை இருக்கவில்லை. சம்பளத்துக்குக் காவல் காப்பவர் சம்பளம் உள்ளவரை காப்பார், அதிலும் பலர் உயிரைப் பணயம் வைத்துக் காத்தார்கள். 'இது எங்க நிலம், எங்க மான், உள்ளே வராதே' என்று சட்டத்தின் பலத்தோடு சொல்லும் அதிகாரம் வேறு. அதை யாரும் அவர்களுக்குத் தரவில்லை.

இப்போது ஓரிக்ஸின் இன்னொரு உறவு செய்தியில் இருக்கிறது. வாள்கொம்பு ஓரிக்ஸ். அதுவும் காட்டில் அற்றுப்போய், 2016 முதல் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் விடப்படுகிறது. மான்களைக் கொடுப்பது பெரும்பாலும் அபுதாபி. 2023இல் அதன் நிலையும் பட்டியலில் மேம்பட்டது. அந்தக் காப்பகத்துக்கு வேலி இல்லை, மேய்ச்சல்காரர்களின் ஒட்டகங்களும் ஆடுமாடுகளும் அதே புல்லைத்தான் மேய்கின்றன. அது நிலைக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். நிலைக்குமா என்பதை மானின் எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. மேய்ச்சல்காரர்களுக்கு அதில் என்ன இடம் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் துறையின் மொழி இப்போது காட்டுக்குள் நுழைந்துவிட்டது. 2025 ஏப்ரலில் ஓர் அமெரிக்க நிறுவனம் சாம்பல் ஓநாயின் மரபணுவில் இருபது இடங்களைத் திருத்திவிட்டு, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போன 'டயர் உல்ஃப்' திரும்பி வந்துவிட்டதாக அறிவித்தது. 'அழிவு என்பது திருத்தக்கூடிய பிழை' என்கிற இந்த நினைப்பு ஆபத்தானது. அன்டூ பட்டன் இருக்கிறதென்று நம்பும் கை டிலீட்டை யோசிக்காமல் அழுத்தும். நாளைக்கு ஒரு காட்டில் சுரங்கம் தோண்ட அனுமதி கேட்பவர் 'மாதிரி எடுத்து உறையவைத்துவிட்டோம், கவலை வேண்டாம்' என்று சொல்லத்தான் போகிறார்.

அடுத்த முறை அந்த ரீல் வந்தால் பகிருங்கள், தப்பில்லை. கூடவே மூன்று கேள்விகளையும் கீழே போடுங்கள். முதலில் அழித்தது எது, அது இப்போது நின்றுவிட்டதா? வேலியை எடுத்தால் இந்த மான் எத்தனை நாள் தாங்கும்? அந்த நிலத்தில் வாழ்பவர் 'வேண்டாம்' என்று சொன்னால் அதைக் கேட்க யாராவது கட்டுப்பட்டவரா?

ஜித்தத் சமவெளியில் 1982இல் விட்ட பத்து மான்களுக்கும் அந்த மண் புதிது. இருந்தும் கொஞ்ச காலத்தில் மழையைத் தேடி நடக்க அவை கற்றுக்கொண்டன. அந்தப் பக்கம் எந்தக் குறையும் இல்லை. கற்றுக்கொள்ள வேண்டிய பாக்கி முழுக்க நம் பக்கம்தான்.