கான்பூரின் பளிங்குத் தேவதூதர்

வடநாட்டு நகரங்களில் வாழும் நம்மவர், பழைய பூங்காக்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் சிறகுடைய உருவங்களைக் கண்டிருப்பர். "இது எந்தச் சாமி?" என்று குழந்தைகள் வினவினால் விடை கூறுவது எளிதன்று. அவை ஒரே குலத்தவையல்ல.

நீரூற்றுகளில் நிற்கும் கொழுத்த மழலைகளைக் கேருபீன்கள் என்பர். ஆனால் விவிலியத்துக் கேருபீன்கள் ஏதேன் தோட்டத்து ஜீவ விருட்சத்தின் வழியைக் காக்க நிறுத்தப்பட்ட, அச்சந்தரும் காவலர். இம்மழலைகளோ உரோமரின் காமதேவன் வழிவந்தோர். 15-ஆம் நூற்றாண்டில் தொனாத்தெல்லோ முதலிய இத்தாலியச் சிற்பிகள் அவ்வுருவத்தை மீண்டும் எடுத்தாண்டனர். வளர்ந்த தேவதூதரின் உருவம் பெரும்பாலும் இறந்தோர் நினைவுக்கு உரியது.

அவ்வகையில் நம் நாட்டில் புகழ்பெற்றது கான்பூர்ச் சிலை. 1857 ஜூலையில் அங்கே பீபிகர் என்னும் இல்லத்தில் அடைக்கப்பட்டிருந்த ஐரோப்பியப் பெண்டிரும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 200 பேர் கொல்லப்பட்டுக் கிணற்றில் எறியப்பட்டனர். பின்னர் அக்கிணற்றின் மேல் ஒரு பளிங்குத் தேவதூதரை நிறுவினர். செதுக்கியவர், இத்தாலியில் பிறந்து இலண்டனில் பணிபுரிந்த கார்லோ மரோக்கெட்டி. மார்பின்மேல் குறுக்கிட்ட கைகளில் குருத்தோலைகள், தாழ்ந்த பார்வை. பழி கேட்கும் முகமன்று அது.

சிலையைச் சூழக் கல்வேலியும் பூந்தோட்டமும் எழுந்தன. அனுமதிச் சீட்டின்றி இந்தியர் அங்கே நுழையலாகாது. இரயில் நிலையத்தில் நாங்கள் எல்லாரிடமும் சீட்டுக் கேட்கிறோம். அங்கே இந்தியரிடம் மட்டுமே கேட்டனர்.

இவ்வரலாற்றில் தமிழர்க்கும் தொடர்புண்டு. கான்பூரில் பழிவாங்கிய கர்னல் நீல், சென்னைப் படைப்பிரிவைச் சேர்ந்தவர். கைதிகளைத் தூக்கிலிடுமுன், கொலை நடந்த தரையின் குருதியை நக்கச் செய்தவர். அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தனர். 1927-இல் தொண்டர்கள் அதனை அகற்றக் கோரிப் போராடிச் சிறை சென்றனர். 1937-இல் இராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் அச்சிலை அகற்றப்பட்டுப் பொருட்காட்சிசாலையை அடைந்தது.

விடுதலைக்குப் பின் கான்பூர்த் தோட்டம் நானாராவ் பூங்கா ஆயிற்று. தேவதூதர் சிலையை உடைத்தெறியாது, 1875-இல் கட்டி முடிந்த நினைவாலயத்தின் தோட்டத்துக்குப் பெயர்த்து வைத்தனர். அவ்வாலயத்தை வரைந்த வால்டர் கிரான்வில், கிழக்கு வங்காள இரயில்வேயின் கட்டடக் கலைஞர் என்பது எம் போன்றோர்க்குச் சுவையான செய்தி.

இரு சிலைகளும் ஒரே துயரத்திலிருந்து எழுந்தவை. ஆயினும் நீலின் சிலை கொடுமையைப் போற்றியது. அது நீங்கியது முறையே. தேவதூதரோ இறந்த குழந்தைகளுக்காக வருந்துகிறார். அவர் நிலைத்ததும் முறையே. குற்றம் சிற்பத்தில் இல்லை, வாயிலில் இருந்தது.

கான்பூர் வழியே செல்லும் அன்பர்கள் நேரம் வாய்ப்பின் இறங்கிப் பூங்காவையும் ஆலயத் தோட்டத்தையும் மக்களுக்குக் காட்டுக. ஒன்றை மட்டும் காட்டினால் பாதிக் கதையே சொன்னவராவோம்.