தலைகளை எண்ணினால் போதுமா? ஆக்லாந்து தீவின் ஹிஹி பறவைகள்

நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்திலிருந்து படகில் சுமார் ஒன்றேகால் மணி நேரம் சென்றால் திரிதிரி மடாங்கி என்ற சிறு தீவை அடையலாம். அங்கு வாழும் ஹிஹி பறவையின் குஞ்சுகளுக்கு 21 நாள் வயதாகும்போது கால்களில் வண்ண வளையங்கள் மாட்டப்படுகின்றன. கூடவே ஒரு துளி இரத்தமும் எடுக்கப்படுகிறது.

அந்தக் குஞ்சின் தந்தை எந்தப் பறவை என்பதை மரபணுச் சோதனையில் கண்டறிவதே இதன் நோக்கம். கூட்டின் அருகே காவல் நிற்கும் ஆண் பறவையே தந்தை என்று ஹிஹி விஷயத்தில் வைத்துக்கொள்ள முடியாது. பிறக்கும் குஞ்சுகளில் பாதிக்கும் மேற்பட்டவை வேறு ஆண்களுக்குப் பிறந்தவை.

ஒரு தீவில் எத்தனை பறவைகள் உள்ளன என்று எண்ணிச் சொன்னால் போதாதா, தந்தைவழி விசாரணை எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களைப் பொறுத்தவரை, எத்தனை உயிருடன் இருக்கின்றன என்பதைவிட, எவை எவற்றோடு இணைகின்றன என்பதே சில நேரங்களில் முக்கியமான கேள்வியாகிவிடுகிறது.

ஒரே தீவில் எஞ்சிய இனம்

நியூசிலாந்தின் வடக்குத் தீவு முழுவதும் ஒரு காலத்தில் ஹிஹி பறவைகள் வாழ்ந்தன. காடுகள் அழிக்கப்பட்டதாலும், கப்பல்களில் வந்த எலிகளாலும் பூனைகளாலும் அவை மறைந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள், ஆக்லாந்துக்கு வடகிழக்கே உள்ள ஹௌதுரு தீவில் மட்டுமே அவை எஞ்சின. ஆங்கிலேயர் லிட்டில் பாரியர் என்று பெயரிட்ட தீவு அது.

திரிதிரி மடாங்கியின் கதை வேறு. சுமார் 220 ஹெக்டேர் பரப்புள்ள அத்தீவு 1970களின் தொடக்கம் வரை மேய்ச்சல் நிலமாக இருந்தது. 1984 முதல் பத்து ஆண்டுகளில் தன்னார்வலர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மரக்கன்றுகளை அங்கு நட்டனர். ஹௌதுருவிலிருந்து பிடிக்கப்பட்ட ஹிஹிகள் 1995ஆம் ஆண்டு அங்கு விடப்பட்டன. கூடு கட்டப் பெட்டிகளும், குடிக்கச் சர்க்கரை நீரும் வைக்கப்பட்டன. பறவைகள் பெருகின. அங்கிருந்து வெலிங்டன் உள்ளிட்ட வேறு இடங்களுக்கும் அவை அனுப்பப்பட்டன.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது ஒரு வெற்றிக் கதை.

துணையும் துரோகமும்

ஹிஹிகள் ஜோடியாகவே கூடு கட்டுகின்றன. ஆனால் பெண் பறவை முட்டையிடும் காலத்தில், பக்கத்து எல்லைகளைச் சேர்ந்த ஆண்கள் அதைத் துரத்தித் துரத்தி வலுக்கட்டாயமாக இணைய முயல்கின்றன. பெண்ணைத் தரையில் தள்ளி, முகத்துக்கு முகம் எதிர்கொண்டு இணைவதும் உண்டு. பறவைகளிடையே இது மிக அரிதான வழக்கம்.

இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் துணை ஆணின் நடத்தையும் மாறுகிறது. தன் துணையிடம் பிற ஆண்கள் அதிகமாக முயன்ற கூடுகளில், அது குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதைக் குறைத்துக்கொள்வதை ஜான் யூவன், டக் ஆம்ஸ்ட்ராங் ஆகிய ஆய்வாளர்கள் இத்தீவில் பதிவு செய்துள்ளனர். மனிதர்களின் ஒழுக்க விதிகளைக் கொண்டு பறவைகளை எடைபோடுவதில் பொருளில்லை. ஆனால் இந்த நடத்தைக்கு ஒரு விளைவு இருக்கிறது. சில ஆண்கள் பல கூடுகளில் தந்தையாகின்றன. வேறு சில ஒரு குஞ்சுக்குக்கூடத் தந்தையாவதில்லை. ஆகவே நூறு பறவைகள் இருந்தாலும் அடுத்த தலைமுறைக்கு மரபணுவை வழங்குபவை அதைவிடக் குறைவு.

சில டஜன் பறவைகளிலிருந்து தொடங்கிய தீவில், சில தலைமுறைகளுக்குப் பின்னர் எல்லாமே ஒன்றுக்கொன்று உறவு. அத்தை மகள், மாமன் மகள் என்று முறை பார்த்து மணம் முடிக்கும் வழக்கமுள்ள நமக்கு, நெருங்கிய உறவில் பிறக்கும் குழந்தைகள் பற்றி மருத்துவர்கள் தரும் எச்சரிக்கை புதிதல்ல. தீவில் அடைபட்ட பறவைக்கோ உறவுக்கு வெளியே தேட இடமே இல்லை.

இதன் விலையை முட்டைக்குள்ளேயே காண முடிகிறது. நெருங்கிய உறவில் உருவான கருக்கள் பொரிக்கும் முன்பே அதிகம் இறப்பதையும், அவற்றில் ஆண் கருக்களே கூடுதலாகப் பாதிக்கப்படுவதையும் பாட்ரிசியா பிரெக்கே தலைமையிலான ஆய்வு 2010ஆம் ஆண்டு வெளியிட்டது. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் அன்னா சாண்ட்யூரும், லண்டன் விலங்கியல் சங்கத்தின் ஆய்வாளர்களும் இணைந்து 2019இல் வெளியிட்ட முடிவு இன்னும் கவலைக்குரியது. மாறும் சூழலுக்கு ஏற்பப் பரிணாம வழியில் தம்மைத் தகவமைத்துக்கொள்ளும் திறன் இத்தீவின் ஹிஹிகளிடம் மிகக் குறைவு என்று அது கண்டது.

உணவு தந்ததால் பெருகிய ஆண்கள்

நடத்தையை அறியாமல் செய்யும் உதவி எதிர்மாறாகவும் முடியலாம். பறக்க இயலாத ககாபோ கிளிகள் 1995ஆம் ஆண்டில் 51 மட்டுமே எஞ்சியிருந்தன. இவற்றில் ஆண்கள் ஒரே பகுதியில் கூடிக் குரல் எழுப்பும். பெண்கள் வந்து தேர்ந்தெடுத்துச் செல்லும். குஞ்சுகளைப் பெண்ணே தனியாக வளர்க்கும்.

பெண் கிளிகளுக்குக் கூடுதல் உணவு தரப்பட்டது. நன்கு உண்ட பெண்கள் ஆண் குஞ்சுகளையே அதிகம் பெற்றதை ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் மிக் கிளவுட்டும் அவரது சகாக்களும் 2002இல் சுட்டிக்காட்டினர். முட்டையிடப் பெண்கள் தேவைப்படும் இனத்தில், உணவுத் தட்டே ஆண்களைப் பெருக்கியிருந்தது. அதன் பின்னர் பெண் கிளிகளின் எடையைப் பார்த்து உணவை அளந்து தரும் முறை வந்தது. இப்போது ககாபோக்கள் இருநூறுக்கும் மேல் உள்ளன.

தென்னிந்தியாவுக்கும் இது அந்நியமான விஷயமல்ல. தந்தத்துக்காக ஆண் யானைகள் வேட்டையாடப்பட்ட பெரியாறு காட்டில், வளர்ந்த பெண் யானைகள் நூறுக்கு ஓர் ஆண் என்ற நிலை இருந்ததாக 1990களில் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். யானைகள் காட்டில் கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தன, கன்றுகள் குறைந்தன. தமிழகத்தின் வரையாடுகள் 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1031 என்றும், 2025இல் 1303 என்றும் அறிவிக்கப்பட்டன. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அவை ஒரே மந்தை அல்ல. தேயிலைத் தோட்டங்களும் சாலைகளும் பிரித்துவிட்ட மலைமுகடுகளில் அவை சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு முகடும் ஒரு திரிதிரி மடாங்கி. எந்த முகட்டின் ஆண் எந்த முகட்டை எட்டுகிறது என்பதை ஒரு கூட்டல் தொகை சொல்லாது.

எலியையும் பூனையையும் ஒழிப்பதே முதல் வேலை, மரபணு ஆராய்ச்சி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆக்லாந்தின் மேற்கே வைட்டாக்கரே மலைக்காட்டில் 2007இல் விடப்பட்ட ஹிஹிகள் அங்கு நிலைக்கவில்லை. எனினும் எலியின் வேலை ஓர் இரவில் தெரிந்துவிடும். உறவுக்குள் பெருகுவதன் விளைவோ பல ஆண்டுகளுக்குப் பின்னரே வெளிப்படும்; அதுவரை கணக்கெடுப்பு நல்ல செய்தியையே சொல்லிக்கொண்டிருக்கும். நிதி ஒதுக்குவோர் பார்ப்பதும் அந்தக் கணக்கையே.

மனித உதவியின்றித் தாமாகவே வாழும் ஹிஹிகள் இன்றும் ஹௌதுருவில் மட்டுமே உள்ளன. அந்த மூலக் கூட்டத்திலிருந்து எத்தனை பறவைகளை எடுக்கலாம், எந்தக் குடும்பத்தின் பறவைகளை எந்தக் காட்டுக்கு அனுப்பலாம் என்ற முடிவுகள் ஒவ்வொரு இடமாற்றத்தின் போதும் எழுகின்றன. திரிதிரியில் 1995 முதல் சேர்த்துவைத்த வம்சாவளிப் பட்டியல் இருப்பதால் அங்கு அந்தக் கேள்விக்கு விடை தேட முடிகிறது. வரையாடுகளுக்கு அத்தகைய பட்டியலை இனித்தான் தொடங்க வேண்டும்.